மீன் விலை கேட்கத்தான் பள்ளிக்கூடமா? நான்காம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

நம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மா, அப்பா, ஆயா, தாத்தா எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் ஓர் ஆயா எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா மிஸ்ஸு, மீனு வெல கேட்டுக்கினு வரத்தான் புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்புறமா? அத நாங்களே சொல்லித் தர மாட்டமா? நீ கணக்கு சொல்லிக் குடு, இங்கிலீசு சொல்லிக் குடு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பதில் என்னவோ வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் வந்தது. கூட்டத்துக்கு வராதவர்கள் பாதிப் பேர். (பகல் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால் துறைமுகத்திலும் கம்பெனியிலும் இருப்பவர்கள் எப்படி வருவார்கள்? அது எங்கள் தப்பு.) அதனால் எல்லாருக்குமாக எழுதி, வாசல் கதவிலும் ஒட்டி வைக்கிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டட்டும். அதுவும் தமிழ்ப் பாடத்தில் சேர்த்திதான்.

முதலில் மீன் விலைக்கே வருகிறேன். பெருக்கல் நடத்திய அன்று நானாக ஒரு கணக்கு போட்டேன்: ஒருவர் 30 கிலோ சங்கரா மீனைக் கிலோ 50 ரூபாய்க்கு விற்றால் மொத்தம் எவ்வளவு? இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் நோட்டைத் திறக்கவே இல்லை. "சங்கரா அம்பது ரூபாயா? எங்க மிஸ் கெடைக்குது?" என்றாள். வகுப்பே சிரித்தது. அப்புறம் அடுத்த சந்தேகத்தைக் கிளப்பினாள்: "எங்க ஆயா கிலோல விக்காது மிஸ். கூறு கட்டித்தான் விக்கும்." நான் தாம்பரம் பக்கம் வளர்ந்தவள். எங்கள் தெருவுக்கு மீன்காரர் தராசோடுதான் வருவார். சரி, ஆயாவிடமே கணக்கைக் கேட்டுக்கொண்டு வா என்றேன். இத்தனைக்கும் ஆரம்பம் அதுதான்.

மறுநாள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். காசிமேட்டில் ஏலத்தில் காரப்பொடி மீன் ஒரு பெட்டி 1,200 ரூபாய். ஐஸ் 60. ஆட்டோ 100. முப்பது கூறு, கூறு 50 ரூபாய். பலகையில் போட்டேன். வரவு 1,500, செலவு 1,360, லாபம் 140. கோடு போட்டு முடிப்பதற்குள் அவள் தலையாட்டினாள். "எல்லாம் அதே வெலைக்குப் போவாது மிஸ். வெயிலு ஏறிட்டா கடைசி மூணு கூற முப்பது முப்பதுன்னு தள்ளி வுட்டுடும்." அழித்தேன். 27 கூறு 1,350, மூன்று கூறு 90, ஆக 1,440. லாபம் 80. இப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன்: "ஆயாவோட கூலி எங்க மிஸ்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வகுப்பே உட்கார்ந்து எண்ணியது. விடியுமுன் ஏலத்துக்குப் போவதில் தொடங்கி, கூடையைக் கழுவிக் கவிழ்ப்பது வரை எட்டு மணி நேரம் என்று முடிவானது. எண்பதை எட்டால் வகுத்தார்கள். மணிக்குப் பத்து ரூபாய். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் ஒரே கணக்கில் வந்துவிட்டன. புத்தகத்தில் வருகிற கடைக்காரருக்கு மீன் மீந்து போவதே இல்லை, வெயில் ஏறுவதும் இல்லை. கூட்டத்தில் கேள்வி கேட்ட ஆயாவும் இந்தக் கணக்கின் ஆயாவும் ஒருவர்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எழுதிக்கோ, ஊருக்கே தெரிஞ்ச கததான" என்றார்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எத்தனை நாள் என்று கேட்டேன். முப்பதில் பதினைந்து போனால் பதினைந்து, மே 31, ஜூன் 14, மொத்தம் 60 என்று நிறையப் பேர் எழுதினார்கள். ஒருவன் மட்டும் 61 என்று எழுதியிருந்தான். எப்படியடா என்றால், "எங்க நைனா சொல்லிச்சு, அறுவத்தோரு நாளு வூட்லயே குந்தினு இருந்துச்சு." அவனுக்கு விடை தெரிந்திருந்தது, வழி தெரியவில்லை. மற்றவர்களுக்கு வழி தெரிந்திருந்தது, விடை தப்பு. ஏப்ரல் 15ஆம் தேதியும் தடை நாள்தானே, அதையும் சேர்த்தால் அந்த மாதத்தில் பதினாறு. இதைக் கண்டுபிடிக்க ஒரு பாடவேளை முழுக்க ஆனது. வீணாகப் போன பாடவேளை என்று நான் நினைக்கவில்லை.

கணக்கில் சமச்சீர் (மடித்தால் இரண்டு பாதியும் ஒன்றாகப் பொருந்துவது) பாடத்துக்கு வேறு சாமானே வேண்டியிருக்கவில்லை. நம் தெருக்களில் கேரம் போர்டு இல்லாத முனை உண்டா? குறுக்கே, நெடுக்கே, இரண்டு மூலைவிட்டங்கள் என நான்கு வழியில் மடிக்கலாம். இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற மரியா இருதயத்தைப் பற்றியும், 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கி வந்த நம் பக்கத்துப் பெண் காசிமாவைப் பற்றியும் சொன்னேன். காசிமா பெயர் சொன்னதும் நான்கு பேர் 'எனக்கு அந்த அக்காவ தெரியும்' என்றார்கள். அதில் மூன்று பேர் பொய் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

தமிழுக்கு வருவோம். உங்களில் சிலர் என்னிடம் தனியாகச் சொன்னீர்கள்: "புள்ள எங்கள மாதிரியே பேசுது மிஸ், நல்ல தமிழ் கத்துக்குடுங்க." எழுத்துத் தமிழ் கட்டாயம் கற்றுக்கொடுக்கிறேன். பரீட்சைத் தாளில் 'வந்துகினு' என்று எழுதினால் திருத்துவேன். ஆனால் உங்கள் பேச்சைப் பிள்ளைகள் மறக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். நாங்கள் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம், சொல்லைப் பிரித்துப் பார்ப்பது. 'இட்டுக்கினு' பிரித்தால் 'இட்டுக்கொண்டு'. 'அப்பால வரேன்' என்கிறோமே, அந்த 'அப்பால்' எவ்வளவு பழசு தெரியுமா? திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த சுந்தரரின் தேவாரத்திலேயே வருகிறது. 'துட்டு' டச்சுக்காரர் கொடுத்த சொல். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் கோட்டை கட்டி வியாபாரம் பண்ணினார்களே, அவர்களுடைய சின்னக் காசின் பெயர். 'நாஷ்டா'வும் 'பேஜாரு'ம் உருது வழியாக வந்தவை. 'நைனா' என்றதும் வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு பையன் துள்ளி எழுந்து, "அது எங்க சொல்லு மிஸ்!" என்றான். அதுவரை அவன் வகுப்பில் வாயே திறந்ததில்லை. பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தியும் இருக்கிறாள். நாஷ்டா அவளுக்கு முதல் நாளிலேயே புரிந்த சொல்.

இங்கே ஒரு மனவருத்தத்தைத் தீர்த்துவைக்க வேண்டும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பயிற்சி கொடுக்கிறோம். தன் மகன் அரும்பில் இருக்கிறான் என்று கேள்விப்பட்ட ஓர் அம்மா அவனை அடித்திருக்கிறார். அம்மா, அரும்பு என்றால் ஃபெயில் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகளுக்காகத்தான் 2022இல் இது தொடங்கியது. முதலில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் இருந்தது, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போவதற்கு வைத்த பெயர்கள் அவை. உங்கள் மகன் முதன்முதலாகத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தது புத்தகத்தை இல்லை. காலை உணவுப் பட்டியலில் 'பொங்கல்' என்ற சொல்லை. படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தானே ஒரு பார்வை, அதை நீங்கள் பார்த்திருந்தால் அடித்திருக்கமாட்டீர்கள்.

இங்கிலீஷ் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. வாசிப்பு மெதுவாகத்தான் வருகிறது, என் உச்சரிப்பும் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் உங்கள் வேலையில் புழங்குகிற சொற்களைக் கேட்டு வரச் சொன்னேன். லாஞ்ச், ஆங்கர், வின்ச், கியர், லோடு, கண்டெய்னர், வெல்டிங், கட்டிங் என்று சுவர் நிறைந்துவிட்டது. இவை இங்கிலீஷ் என்பதே பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியாது, தமிழ் என்றே நினைத்திருந்தார்கள். இப்போது அவற்றுக்கு எழுத்துக் கூட்டுகிறோம்.

அறிவியலில் திடம், திரவம், வாயு. மூன்று ஐஸ் கட்டிகளைக் கொண்டுவந்து ஒன்றை வெயிலில், ஒன்றை மின்விசிறிக்குக் கீழே, ஒன்றைச் சாக்கில் சுற்றி வைத்தோம். எது கடைசியாகக் கரையும்? ஃபேன் காற்று குளுகுளுவென்று இருக்கும், அதனால் அதுதான் என்று கையைத் தூக்கினார்கள். இரண்டு பேர் மட்டும் சாக்கு என்றார்கள். இரண்டும் ஐஸ் உடைக்கும் வீட்டுப் பிள்ளைகள். "காத்து பட்டா ஐஸ் நிக்காது மிஸ்." அவர்கள் சொன்னதுதான் நடந்தது. நம் உடம்பில் வியர்வை இருக்கிறது, அது காய்வதால் ஃபேன் நமக்குக் குளிர்ச்சி. ஐஸுக்கோ அறையின் சூட்டை ஓயாமல் கொண்டுவந்து சேர்ப்பதுதான் ஃபேனின் வேலை. சாக்கு அந்தச் சூட்டை அண்டவிடாது. பஸ்ஸில் கண்டக்டர் 'ஐஸ் அவுஸ்' என்று கத்துகிறாரே, அந்தக் கட்டடம் 1842இல் அமெரிக்க ஐஸை வைக்கக் கட்டியது. அந்த ஊரில் உறைந்துபோன குளங்களில் வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் மாதக்கணக்கில் கொண்டுவந்தார்கள். மரத்தூளும் சாக்கும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இதைச் சொன்னதும் ஒருத்தி, "எங்க தாத்தா உமியில வெப்பாராம் மிஸ்" என்றாள்.

அதே வாரம் எண்ணெயும் தண்ணீரும் சோதனை. கண்ணாடி டம்ளரில் எண்ணெயை ஊற்றி, மிதக்குமா மூழ்குமா என்று கேட்டேன். எண்ணூரில் சொந்தக்காரர்கள் உள்ள ஒரு பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மெதக்கும் மிஸ். அப்புறம் செவுத்துல ஒட்டிக்கும். தேச்சாலும் போவாது." 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அப்போது அவன் அங்கே இருந்திருக்கிறான். டம்ளரை எடுத்து வைத்துவிட்டு, அவன் பார்த்ததை எல்லாம் சொல்லச் சொன்னோம். படகு, வலை, நண்டு, கொக்கின் இறக்கை என்று மணி அடிக்கும் வரை சொன்னான்.

சமூக அறிவியலில் ஐவகை நிலம் வருகிறது. நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும். மற்ற ஊர்ப் பிள்ளைகள் இதை மனப்பாடம் பண்ண வேண்டும். நம் பிள்ளைகள் ஜன்னலைத் திறந்தால் போதும், வாசனையே சொல்லிவிடும். ஆனாலும் 'நெய்தல் நிலத் தொழில் என்ன?' என்ற கேள்விக்கு 'மீன் பிடித்தல், உப்பு விளைவித்தல்' என்று புத்தகத்தைப் பார்த்து எழுதினார்களே தவிர, ஒருவரும் தன் வீட்டை எழுதவில்லை. வீட்டில் நடப்பதெல்லாம் பாடத்தில் வராது என்று எப்படியோ முடிவு பண்ணி வைத்திருக்கிறார்கள். எனக்கு உறைத்த இடம் அது.

வரலாறுதான் கஷ்டமாக இருந்தது. 1856 என்று சொன்னால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது என்ன? நேற்றும் இல்லை, நாளைக்கும் இல்லை. ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்துதான் அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா பக்கம் கிளம்பியது என்றேன். "அப்ப எங்க ஆயா பொறந்துட்டாங்களா மிஸ்?" என்று கேள்வி வந்தது. அதையே அளவாக வைத்துக்கொண்டோம். ஓர் ஆயா என்பது அறுபது வருஷம். ஒரு கயிற்றை வகுப்பின் குறுக்கே கட்டி, அறுபது வருஷத்துக்கு ஒரு முடிச்சு போட்டோம். ராயபுரம் ஸ்டேஷன் ஏறக்குறைய மூன்று ஆயா. சென்னை மாநகராட்சி 1688இல் வந்தது, ஆறு ஆயாவுக்குக் கொஞ்சம் குறைவு. மாநகராட்சிப் பள்ளியில் முதன்முதலாக மதியச் சாப்பாடு போட்டது 1920, இரண்டு ஆயாவுக்குள். ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளியில் தொடங்கியது. தொடங்கியவர் சர் பிட்டி தியாகராயர், வண்ணாரப்பேட்டைத் தியாகராயா காலேஜுக்குப் பெயர் கொடுத்தவர். இப்போது எந்த ஆண்டைச் சொன்னாலும் 'எத்தன ஆயா மிஸ்?' என்றுதான் கேட்கிறார்கள். அதிகாரிகள் பார்வைக்கு வரும் அன்று என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் கவனமாகக் கேளுங்கள். உடல் பற்றிய பாடத்தோடு, யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். உறவுக்காரர் யாராவது கன்னத்தைக் கிள்ளும்போது பிள்ளை 'வேணாம், தொடாதீங்க' என்று சொன்னால், மரியாதை தெரியாத பிள்ளை என்று அதட்டாதீர்கள். என்ன நடந்தது என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இப்போது நான் கேட்க வந்தது. நோட்டில் எழுதி வர வேண்டிய ஹோம்ஒர்க் இந்த வகுப்பில் குறைவுதான். அதற்காக டியூஷனுக்கு அனுப்பிக் காசைக் கொட்டாதீர்கள். உங்களிடம் வந்து கேட்க வேண்டிய ஹோம்ஒர்க்கைத்தான் கொடுக்கிறேன். பிள்ளை வந்து 'வலையில ஒரு கண்ணு எத்தன வெரலு?', 'கண்டெய்னருக்குள்ள என்னா இருக்கு?', 'இந்தக் காத்துக்குப் பேரு இன்னா?' என்று கேட்டால், அசதியில் 'போய்ப் படி' என்று துரத்துகிறீர்கள். எனக்கும் புரிகிறது, ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவரிடம் காற்றுக்குப் பெயர் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் அந்தக் கேள்விதான் படிப்பு. வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று திசைக்கு ஒரு பெயர் நான் புத்தகத்தில் படித்தது. எந்தக் காற்றில் படகு இறக்கக் கூடாது என்பது உங்களுக்குத்தான் தெரியும். 'எங்களுக்கு என்னா தெரியும் மிஸ், நாங்க படிக்காதவங்க' என்ற பேச்சை மட்டும் பிள்ளை காதில் விழச் சொல்லாதீர்கள். விடை தெரியாவிட்டால் 'தெரியாது, மிஸ்ஸையே கேளு' என்று திருப்பி அனுப்புங்கள், அது போதும்.

இன்னும் ஒன்று. ஆடி முடிவதற்குள் புதன்கிழமைகளில் பகல் இரண்டரை மணிக்கு ஒருவர் வகுப்புக்கு வர வேண்டும், அரை மணி நேரத்துக்கு. வலை பின்னும் தாத்தா ஒருவர் சரி என்றிருக்கிறார். லேத்தில் வேலை செய்யும் அப்பா ஒருவர், லீவு கிடைத்தால் வருகிறேன் என்றார். தையல் தைப்பவர், கண்டெய்னர் லாரி ஓட்டுபவர், வீட்டு வேலைக்குப் போகிறவர், யாராக இருந்தாலும் பெயர் கொடுங்கள். பேசத் தெரியாது என்ற கவலை வேண்டாம், கேள்வி கேட்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முதல் புதன் நம் ஆயாவுடையது. கூறு எப்படிக் கட்டுவது என்று செய்து காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆயா, ஒரே ஒரு வேண்டுகோள்: பெட்டியோடு வேண்டாம், கொஞ்சம் நெத்திலி போதும். தலைமை ஆசிரியர் அறை பக்கத்துச் சுவர்தான்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மிஸ்